அமலியோட பாலன்

அந்தப் பையைக் காலுக்குக் கீழ வச்சிராத தாயி. மடியிலேயே வச்சுக்க, கொஞ்ச நேரந்தான். எனக்குக் கை ரெண்டும் ஓஞ்சு போச்சு. காலையில இருந்து சுமந்துக்கிட்டே திரியுறேன். கனமெல்லாம் இல்ல, ஒரு கிலோகூட வராது. ஆனா கீழயும் வைக்கக் கூடாது, எதுலயும் இடிக்கவும் கூடாதுன்னா கை வலிக்காம என்ன செய்யும்?

உள்ள என்னன்னு கேக்குறியா? பாலன். குழந்தை யேசு, மண்ணுல செஞ்சது. வைக்கோலைச் சுத்தி, அதுக்கு மேல எங்க வீட்டுக்காரர் துண்டைச் சுத்தி வச்சிருக்கேன். இல்ல இல்ல, இன்னைக்கு வாங்குனது இல்ல. இதுக்கு வயசு இருபத்தாறு. சந்தைக்கு வர்றவுக எல்லாம் பாலனை வாங்கிட்டுப் போவாக. நான் ஒருத்திதான் வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து, அப்படியே திரும்பத் தூக்கிட்டுப் போறேன்.

நீ வெளியூருதான? நட்சத்திரத்தைப் புடிச்சிருக்கிற லட்சணத்துலயே தெரியுது. மூங்கில் நட்சத்திரத்தை வாலைப் புடிச்சுத் தூக்கக் கூடாது, நடுவுல புடிக்கணும். ஒரு முனை ஒடஞ்சா அம்புட்டுத்தான். நான் அஞ்சு வாங்கியிருக்கேன் பாரு, மேல கம்பியில கெடக்கு. எதுக்கு அஞ்சுன்னு கேக்காத. எங்க வீட்டுக்கு ஒரு வாசல், ஒரு பல்பு. ஆனா மூணு நாளா ஒரு கடை முன்னால போயி நின்னா, அவன் சும்மா நிக்க விடுவானா? நிக்கிறதுக்காக வாங்குனதுதான் எல்லாம்.

எதுக்கு நின்னேன்னு சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு பாத்துச் சொல்லு. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. பச்சைத் துப்பட்டா போட்ட பொண்ணு, தோள்ல ஒரு புள்ள. புள்ள முழிச்சிருக்கா, தூங்குதா? எனக்கு இந்தக் கண்ணாடி அவ்வளவு தூரம் எட்ட மாட்டேங்குது. முழிச்சிருக்கா? இந்தப் பக்கம் பாக்குதா? சரி, சரி. கையைக் காட்டாத. மெதுவாப் பேசு.

அது என் மக. அமலோற்பவம். அமலின்னு கூப்புடுவோம். தோள்ல கெடக்குறது அவ புள்ள, என் பேத்தி. பக்கத்துல முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு உக்காந்திருக்கிறது அவ மாமியார், வள்ளிமயிலு. நான் இந்த வண்டியில இருக்கிறது அவுகளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். செம்மண்குளத்துல எறங்குவாக. அதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள இந்தப் பையை அவகிட்டக் குடுக்கிறதா வேணாமான்னு நான் ஒரு முடிவுக்கு வரணும்.

உனக்கு எங்க ஊரு வழக்கம் தெரியாதுல்ல, அதான் இப்படி முழிக்கிற. கேளு. சூசைநல்லூர்க் கோயில் மைதானத்துல கிறிஸ்துமஸுக்கு முன்னால பத்து நாள் சந்தை. ஓலைக் குடில் விக்கிறவன், நட்சத்திரம் கட்டுறவன், அச்சு முறுக்கு, கல்கல் எல்லாம் இருந்தாலும் பேரு பாலன் சந்தைதான். பொம்மை செய்றது பூரா வேளார் வீடுக. முருகனைக் கும்பிடுறவுக. கொலுவுக்கும் அவுகதான் செய்றாக, ஐயனார் குதிரையும் அவுகதான், எங்க மாதாவும் சூசையப்பரும்கூட அவுக கையிதான். ஆடு, மாடு, மூணு ராசா எல்லாத்துக்கும் முழுசா வண்ணம் அடிச்சு அடுக்கி வச்சிருப்பாக. பாலனுக்கு மட்டும் கண்ணு இருக்காது.

பயந்துராத. கண்ணு வரையாம விட்டு வச்சிருப்பாக. ஒரு வீட்டுல புள்ள பொறந்தா, அதோட முதல் கிறிஸ்துமஸுக்கு அதைச் சந்தைக்குத் தூக்கிட்டுப் போகணும். வேளாரு ஒரு மணையைப் போட்டுத் தனக்கு எதிர்ல உக்கார வைப்பாரு. பெத்தவ பின்னால உக்காந்து புள்ளையோட நாடியைப் புடிச்சுக்கணும், மூஞ்சி அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பாம. அவரு அணில்முடித் தூரிகையில மையைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, பாலனுக்குக் கண்ணைத் திறப்பாரு. முழிச்சதும் பாலன் முதல்ல பாக்குறது அந்தப் புள்ளையைத்தான். அதுக்கப்புறம் அது அந்தப் புள்ளையோட பாலன். கட்டிக் குடுத்தா கூடவே போகும். செத்தா பெட்டியில வச்சு மூடிருவோம். எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு மேல வச்சுத்தான் மூடுனோம். ஒரு பங்குச் சாமியார் வந்து இதெல்லாம் ஆகாதுன்னு சொல்லிப் பாத்தாரு. மூணு வருசத்துல அவரையே வேற ஊருக்கு மாத்திட்டாக.

இன்னொண்ணும் இருக்கு. ஒரு வீட்டுல ஒருத்தரைத் தலைமுழுகணும்னா அவுக பாலனை ஒடச்சிருவாக. எல்லாரும் செய்றது இல்ல. எங்கயாவது ஒரு வீட்டுல நடக்கும். உன் பாலன் ஒடஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லி விட்டா போதும், நீ இந்த வீட்டுல பொறக்கவே இல்லன்னு அர்த்தம்.

அமலியை நான் தூக்கிட்டுப் போறப்ப அவளுக்கு ஒம்பது மாசம். சோலைமலை வேளாருதான் கண்ணு திறந்தாரு. பல்லு மொளைக்கிற நேரமா, எச்சி ஒழுகிக்கிட்டே இருக்கும். நான் நாடியைப் புடிச்சிருந்த கையில மணிக்கட்டு வரைக்கும் எச்சி வழிஞ்சுச்சு. வேளாரு ரெண்டாவது கண்ணை முடிச்சுட்டுத் தூரிகையை எடுத்தாரு. அமலி அதைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு, சுத்தி நின்ன பொம்பளைக எல்லாம் குலவை போட்டுட்டாக. அவ அப்பாவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கு இப்ப நெனச்சாலும் கையில அந்த ஈரம் தெரியுது.

அந்தச் சோலைமலை வேளாரோட மகனைத்தான் அவ கட்டிக்கிட்டா. கனகவேலு. காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல இருந்தா, சந்தைக்காக ஆடுகளுக்கு வண்ணம் அடிக்க ஆள் வேணுமாம், போயிட்டு வரட்டுமான்னு கேட்டா. நானும் சரின்னேன். சந்தையே பத்து நாளுதான். இவ நாலு மாசமா வண்ணம் அடிச்சுக்கிட்டு இருக்கா! அப்பவே எனக்குத் தட்டியிருக்கணும்.

அவன் கெட்ட பையன்னு நான் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். அவன் செஞ்ச பாலன்தான் இப்ப எங்க கோயில் குடில்ல படுத்திருக்கு. நடுச்சாமப் பூசையில அதோட காலைத்தான் ஊரே வரிசையில நின்னு முத்தம் செய்யுது. நானும் செஞ்சிருக்கேன். அது வேற. பொண்ணு குடுக்கிறது வேற. ரெண்டும் ஒண்ணாகிருமா? சொல்லு.

போகட்டும். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா. மூணு வருசம் ஆச்சு. போயி ஒரு வாரத்துலயே என் தம்பி அருளாந்துகிட்டச் சொல்லி விட்டா. நகை வேணாமாம், துணிமணி வேணாமாம், என் பாலனை மட்டும் குடுத்து விடச் சொல்லுங்க மாமான்னு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். அம்மா வேணாம், ஆத்தா செஞ்சு வச்ச சங்கிலி வேணாம், மண்ணு பொம்மை வேணுமா? அருளாந்துகிட்டச் சொன்னேன். அது ஒடஞ்சிருச்சுன்னு சொல்லிரு. அவன் அக்கா வேணாம் அக்கான்னு கெஞ்சுனான். சொல்லுடான்னேன். போயிச் சொல்லிட்டான்.

ஒடைக்கத்தான் எடுத்தேன் தாயி. பொய் சொல்லணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? அம்மிக்கல்லு மேல ஓங்கிட்டேன். அது என்னையப் பாக்குது. அமலி சின்னதுல சோறு வேணும்னா ஒண்ணும் கேக்காம என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பா, அதே பார்வை. கை எறங்கல. அரிசி டின்னுக்குள்ள வச்சு மூடிட்டேன். அங்க வச்சா கண்ணுல படாதுன்னு நெனச்சேன். தினமும் அரிசி எடுக்கணும்ல? கையை விட்டா அதோட காலுதான் தட்டுப்படும். மூணு வருசமா ரெண்டு வேளையும்.

அவளாவது ஒரு தடவை நேர்ல வந்து கேட்டிருக்கலாம்ல? வாசல்ல வந்து நின்னா வெந்நியை மோந்து ஊத்துவேன்னு சொல்லி விட்டேன்தான். சொன்னா வராம இருந்துருவாளா? பெத்தவ கோவத்துல ஆயிரம் சொல்லுவா. நெஞ்சழுத்தம் தாயி அவளுக்கு. அவ அப்பா அப்படி இல்ல. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல.

இந்தா கண்டக்டர் வர்றான். தம்பி, எனக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணு குடு. ஆமா, கடைசி ஸ்டாப்புதான். ஏன், நான் போகக் கூடாதா?

எங்க ஊரு புளியம்பட்டி. நீ கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிர்றேன், அது கிழக்க இருக்கு, இந்த வண்டி மேற்க போகுது. சந்தைக் கூட்டத்துல மாத்தி ஏறிட்டேன். நாப்பது வருசமா அதே பஸ் ஸ்டாண்டுதான், அதே வண்டிதான். இருந்தாலும் கூட்டத்துல மனுசருக்கு மாறிப் போறது இல்லையா?

புள்ள இப்ப என்ன செய்யுது? கையை ஆட்டுதா? யாரைப் பாத்து? அவுக அதை என்னன்னு கூப்புடுறாக, உனக்குக் கேக்குதா? எனக்குப் பேரு தெரியாது. பொறந்து ஏழு மாசம் ஆச்சுன்னு அருளாந்து சொன்னான், பேரைச் சொல்லல. நான் கேக்கவும் இல்ல. சந்தையில வள்ளிமயிலு தங்கம் தங்கம்னு கூப்புட்டா. தங்கம் ஒரு பேரா? எல்லாரும் எல்லாப் புள்ளையையும் கூப்புடுறதுதான்.

புள்ளைக்கு இது முதல் கிறிஸ்துமஸ் இல்லையா? சந்தைக்குக் கொண்டுவருவாகன்னு எனக்குத் தெரியும். அதான் மூணு நாளா வந்து, வேளாரு கடைக்கு எதிர்ல நட்சத்திரக் கடையில நின்னேன். தலையில முக்காடு போட்டுக்கிட்டேன். முதல் நாள் வரல. ரெண்டாம் நாளும் வரல. இன்னைக்கு மத்தியானம் வந்தாக. அமலி முன்னவிட எளச்சிருக்கா. ஒழுங்கா சாப்புடுறாளோ என்னவோ. ஆனா மூஞ்சி தெளிவா இருந்துச்சு. அதையும் சொல்லணும்ல.

சோலைமலை வேளாரு பேத்தியை மணையில உக்கார வச்சாரு. அமலி பின்னால உக்காந்து நாடியைப் புடிச்சுக்கிட்டா. ரெண்டு விரலைக் கன்னத்துல குடுத்து, கட்டை விரலால அந்தப் பக்கம் தாங்கி. அப்படியே நான் புடிச்ச மாதிரி. யாரு சொல்லிக் குடுத்தா அவளுக்கு? கண்ணு திறந்ததும் கடை முன்னால குலவை. எனக்கும் வாய்ல குலவை வந்துருச்சு தாயி. முந்தானையை வாய்ல வச்சு அமுக்கிக்கிட்டேன்.

இனிமே நேரம் கடத்தக் கூடாது, போயி இதைக் குடுத்துருவோம்னு நெனச்சேன். சத்தியமாச் சொல்றேன், ஒரு எட்டு எடுத்தும் வச்சுட்டேன். என்ன சொல்லணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். அப்ப வேளாரு சொல்றாரு, “வீட்டுக்குப் போனதும் உன் பாலன் பக்கத்துலயே இதைப் படுக்க வைம்மா, அதான் முறை” அப்படின்னு.

அமலி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. “என்னோடது இல்ல மாமா. ஒடஞ்சிருச்சு.”

அந்த மனுசன் கையில இருந்த தூரிகையை அப்படியே வச்சுட்டாரு. அவருக்குத் தெரியாதா ஒடஞ்சிருச்சுன்னா என்ன அர்த்தம்னு? மூணு வருசமா அந்த வீட்டுல இருந்துக்கிட்டு, இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கா. என் மானத்தைக் காப்பாத்தியிருக்கா. அப்படித்தான் எனக்குத் தோணுச்சு. இல்ல, அவளுக்கே வெக்கமா இருந்திருக்கும்.

அப்பத்தான் இந்த வள்ளிமயிலு வந்தா. அலமாரியில இருந்து கண்ணு இல்லாத பாலன் ஒண்ணை எடுத்து அவ புருசன் மடியில வச்சா. “இதுக்கும் திறங்க”ங்கிறா.

“யாருக்குடி?”ன்னாரு.

“இவளுக்குத்தான். என் மருமகளுக்கு.”

“வளந்த புள்ளைக்குத் திறந்த வழக்கம் இல்லையே.”

“இன்னைக்குத்தான் நம்ம வீட்டுல பொறந்தான்னு வச்சுக்கங்க. திறங்க.”

சொல்லிட்டு, இவளைத் தோளைப் புடிச்சு மணையில உக்கார வச்சுட்டா. இருபத்தாறு வயசுப் பொண்ணு, மடியில புள்ளையோட மணையில உக்காந்திருக்கா. வள்ளிமயிலு பின்னால உக்காந்து, என் மக நாடியைப் புடிச்சா.

என் மக நாடியை தாயி! பெத்தவ நான் பத்தடி தள்ளி நிக்கிறேன். அவளோட பாலன் முழுசா என் கையில இருக்கு. அவ யாரு என் புள்ள நாடியைப் புடிக்க? இதைக் கேக்க ஒரு நாதி இல்லையா? அமலி அழுகுறா. கண்ணீரு தாடையில எறங்கி அந்தப் பொம்பள கையில வழியுது. அவ துடைக்கக்கூட இல்ல. அப்படியே புடிச்சுக்கிட்டிருந்தா. அது என் கையில வழிய வேண்டியது. நீயே சொல்லு, இது அநியாயமா இல்லையா?

போயிருக்கலாம்ல, குடுத்திருக்கலாம்லன்னு நீ கேப்ப. எப்படிக் குடுக்க? பையைத் திறந்து காட்டுனா, ஒடையலன்னு தெரிஞ்சு போகும். அம்புட்டுப் பேரு முன்னால பொய்க்காரின்னு ஆகும்ல? இந்த மதலேனாள் பொய் சொன்னான்னு ஒருத்தர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னது இல்ல இன்னைய வரைக்கும்.

ரெண்டு கண்ணும் திறந்து முடிச்சாச்சு. குலவை போட்டாக. அப்புறம் எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல. சந்தையோட அந்தக் கோடிக்கு நடந்து போயி, முன்னப் பின்ன தெரியாத ஒரு பொம்மைக்காரர்கிட்ட இதைப் பிரிச்சுக் காட்டுனேன். ஐயா, இதுக்கு உடையவ வேற பாலன் வாங்கிட்டா, இதோட கண்ணை மட்டும் வண்ணம் பூசி மூடிக் குடுங்கன்னேன். அவரு வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. “நல்ல கை வேலை. திறக்கத்தாம்மா எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காக. திறந்த கண்ணை மூட எனக்குத் தெரியாது”ன்னு சொல்லி, அவரே துண்டைச் சுத்திக் கையில குடுத்துட்டாரு.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா அவுக முன்னால நடந்து போறாக. ஆம்பளைக கடையில தங்கிட்டாக. புளியம்பட்டி வண்டி காலியா நின்னுச்சு. நான் இதுல ஏறிட்டேன். சரி, மாறல. தெரிஞ்சுதான் ஏறுனேன். உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன.

பாலம் வந்துருச்சா? அடுத்தது செம்மண்குளம். இம்புட்டுச் சீக்கிரமா? முக்கா மணி நேரம்னு சொன்னாக.

தாயி, நீ குடுத்துர்றியா? எந்திரிச்சுப் போயி, கடையில விட்டுட்டு வந்துட்டீங்க, இந்தாங்கன்னு குடுத்துரு. நான்னு சொல்லாத. இல்ல, வேணாம் இரு. துண்டைப் பாத்தாலே கண்டுபுடிச்சிருவா, அவ அப்பா துண்டு. துண்டை எடுத்துட்டுக் குடுப்போமா? வைக்கோலு உதுந்துரும். இரு, இரு, நானே போறேன். கையைப் புடி, எந்திரிச்சுக்கிறேன். அம்மா ஒடைக்கலடின்னு ஒரு வார்த்தை. அதைத்தான் யோசிச்சு வச்சிருந்தேன். பெரிய பேச்செல்லாம் இல்ல. ஒடைக்கலடி, அம்புட்டுத்தான்.

எந்திரிச்சுட்டா. பாரு, எந்திரிச்சுட்டா. வள்ளிமயிலு பையை எடுக்குறா. அமலி புள்ளையைத் தோள் மாத்துறா. இந்தப் பக்கம் திரும்புறா தாயி. கொஞ்சம் முன்னால சாயி. சாயின்னா! என்னைய மறைச்சுக்க. இன்னும் கொஞ்சம். அசையாத.

போயிட்டாளா? எறங்கிட்டாளா? வண்டி எடுத்துட்டானா?

பாத்தா. நீ மறைச்சாலும் பாத்திருப்பா. முக்காடு போட்டா பெத்தவளைத் தெரியாமப் போகுமா? பாத்தும் ஒரு வார்த்தை பேசாம எறங்கிப் போறா. நான் சொன்னேன்ல, நெஞ்சழுத்தம்னு. நீயே கண்ணால பாத்துட்டேல்ல?

புள்ள மட்டும் பாத்துக்கிட்டே போச்சு. ரோட்டுல எறங்குனப்புறமும், அவ தோளு மேல தலையை வச்சுக்கிட்டு. சிரிச்சுச்சா? எனக்குத் தெரியல, இந்தக் கண்ணாடிக்கு எட்டல. நீ சொல்லு, சிரிச்சுச்சா?

குடு பையை. இல்ல, நீயே வச்சிரு கொஞ்ச நேரம். கை ஓஞ்சு கெடக்கு, கீழ போட்டுருவேன். போட்டா நெசமாவே ஒடஞ்சிரும். அழுகல தாயி, சன்னல் காத்து. கடைசி ஸ்டாப் வரைக்கும் வச்சிரு. அப்புறம் நான் தூக்கிக்கிறேன், இன்னும் எத்தனை வருசமோ. தரையில மட்டும் வச்சிராத. அது முழிச்சிருக்கு.